நான் நலம் என்பதற்கு இரண்டு சாட்சி

அன்புள்ள மைத்துனனுக்கு,

உன் அத்தான் எழுதிக்கொண்டது. இங்கு நான் நலம். எல்லாரும் எழுதும் வாடிக்கை வரிதானே என்று தாண்டிப் போய்விடாதே, நிஜமாகவே நலம். இரண்டு காலும் இருக்கின்றன, இரண்டும் நடக்கின்றன. அங்கு நீயும் உன் மனைவியும் குழந்தைகளும் நலமாக இருக்க வேண்டும். அதை நிரூபிக்கச் சொல்லி யாரும் உங்களைக் கேட்காமலும் இருக்க வேண்டும்.

நேற்று போனில் நீ உன் அக்காவிடம், "அத்தானுக்குப் பேச்சு வருதாக்கா?" என்று கேட்டது பக்கத்தில் இருந்த என் காதில் விழுந்தது. போனை வாங்கி நானே பேசினேன். "பரவால்ல, குளறாமத்தான் பேசுறாரு" என்று நீ யாரிடமோ சொன்னதும் விழுந்தது. அதனால்தான் கைப்பட எழுதுகிறேன். எழுத்து எங்காவது கோணினால் அது பேனாவின் கோளாறு. தயவுசெய்து புதிதாக எதையும் கிளப்பிவிடாதே.

நடந்ததைச் சொல்கிறேன். உன் அக்கா நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும், நானும் பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இருந்து ஓய்ந்தவன்தானே, இனி இரண்டு பேரும் நேரத்துக்குச் சாப்பிட்டு நேரத்துக்குத் தூங்கலாம் என்று நம்பினேன். அவள் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் ஏதோ ஃபெலோஷிப்புக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறாள், கிடைத்தும் தொலைத்தது. வசதியில்லாத பகுதிகளில் பிளாக்செயினை வைத்து நாலு பேருக்கு நல்லது செய்கிறவர்களுக்கு ஒரு வருஷம் உதவித்தொகை கொடுப்பார்களாம். இவள் எடுத்துக்கொண்டது சக்கர நாற்காலி. கால்வாய்க்கு அந்தப் பக்கக் குடியிருப்புக்கு யார் யாரோ தானமாகத் தரும் நாற்காலிகள் எங்கே போகின்றன என்றே முன்பெல்லாம் தெரியாது. பெரிய மனிதர் ஒருவர் வீட்டு மாடியில் இரண்டு நாற்காலிகள் துணி உலர்த்திக்கொண்டிருந்தன. "இனிமே எந்த நாற்காலி யார்கிட்ட இருக்குன்னு எல்லார் போன்லயும் ஒரே மாதிரி பதிவாயிடும். யாரும் திருத்த முடியாது, அழிக்கவும் முடியாது" என்றாள். "தப்பா பதிவாயிட்டா?" என்று கேட்டேன். "யாரு தப்பா பதியப்போறா?" என்றாள்.

அந்த யாரு நான்தான்.

கேமரா சரியாக எடுக்கிறதா பார்க்கவேண்டும், கொஞ்சம் உட்காருங்கள் என்று அவள்தான் என்னை ஒரு நாற்காலியில் உட்காரவைத்துப் படம் எடுத்தாள். அதற்குள் அடுப்பில் பால் பொங்கிவிட்டது, போனை என் கையில் கொடுத்துவிட்டு ஓடினாள். திரையில் பச்சையாக ஒரு கட்டம் மின்னியது. டிப்போவில் பச்சை என்றால் வண்டியை எடுக்கலாம் என்று அர்த்தம். அழுத்தினேன். அவ்வளவுதான், கண் சொருகி, வாய் பிளந்து, தலை ஒரு பக்கமாகச் சாய்ந்த என் படம், "நடக்க இயலாதவர், நாற்காலி பெற்றுக்கொண்டார்" என்ற வாசகத்தோடு ஊர் முழுக்கப் போய்ச் சேர்ந்துவிட்டது. கீழ் வீட்டம்மாவுக்குத் தெருவில் ரேடியோ என்று பெயர். படம் அவள் கண்ணில் பட்ட பிறகு பிளாக்செயினுக்கு வேலையே இல்லை.

ஆப்பிளும் ஆரஞ்சுமாக ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். வந்தவர்களுக்கு டீ போடலாம் என்று நான் எழுந்தால் நாலு பேர் ஓடிவந்து பிடித்து உட்காரவைக்கிறார்கள். ஒருவர் என் காதருகே குனிந்து, "நான் யாருன்னு தெரியுதா?" என்று கத்தினார். டிப்போவில் பல வருஷம் என் பக்கத்து மேஜை! எனக்கு வந்த கோபத்தில் பேச்சு வரவில்லை. "பாவம், தெரியல" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இதெல்லாம்கூடப் போகட்டும் தம்பி. அந்தக் குடியிருப்பில் ஒரு வெல்டர், சாரத்திலிருந்து விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டவர், அடுத்த நாற்காலிக்குக் காத்திருந்தார். மற்றவையெல்லாம் போய்விட்டன, மிச்சம் இருந்த ஒன்று என் பேரில் நிற்கிறது. பழைய பதிவை அழிக்க முடியாது, நான் குணமாகிவிட்டேன் என்று இரண்டு பேர் உறுதி சொல்லிப் புதிதாகப் பதிந்தால்தான் அது அவருக்குப் போகும். ரேடியோவிடம் போனேன். மாடிப்படியில் அவள் கண் முன்னால் ஏறி இறங்கிக் காட்டினேன். "மனசாட்சின்னு ஒண்ணு இருக்குல்லங்க. உங்க படத்தை நான் பாத்தேன்" என்று சொல்லிவிட்டாள். உன் அக்காவிடம், "சாட்சியில்லாம நீயே அவரு பேருக்கு மாத்திப் பதிஞ்சிடேன்" என்று கெஞ்சினேன். "வீட்டுக்காரருக்குன்னு நான் மாத்துனா, அந்தப் பெரிய மனுஷனுக்கும் எனக்கும் என்னங்க வித்தியாசம்?" என்றாள். ராத்திரியெல்லாம் அந்த வெல்டர் எப்படிப் புரண்டு படுப்பார் என்றே யோசித்துக்கொண்டு கிடந்தேன்.

விடிந்ததும் நாற்காலியை மடித்துத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தேன். வெல்டர் வீடு இரண்டாவது மாடி. மூச்சு வாங்க நான் போய் நின்றதைப் பார்த்து அவர் மனைவி முதலில் பயந்தாள், அப்புறம் சிரித்தாள். "இவரா நடக்க முடியாதவரு?" என்றாள். அவளும் எதிர்வீட்டுத் தையல்காரரும் அங்கேயே உறுதி சொன்னார்கள். வெல்டரை நாற்காலியில் தூக்கி வைத்து வாசலுக்கு வெளியே வராந்தாக் கைப்பிடிச் சுவர் வரை தள்ளிக்கொண்டு வந்தோம். விழுந்த நாளுக்குப் பிறகு தெருவை அன்றுதான் பார்க்கிறார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

இதோடு முடிந்திருக்கலாம். ஃபெலோஷிப் குழுவினர் பதிவைப் படித்துவிட்டார்கள். நடக்க முடியாத ஒருவர் சில நாளில் குணமாகி, தன் நாற்காலியைத் தானே சுமந்துபோய் இன்னொருவருக்குக் கொடுத்தார் என்றால் சும்மா இருப்பார்களா? வெள்ளிக்கிழமை கூட்டத்தில் நான் பேச வேண்டுமாம். அடுத்த வருஷமும் உதவித்தொகை உண்டா இல்லையா என்பது அன்றுதான் முடிவாகிறது. "உள்ளதைச் சொல்லுங்க" என்கிறாள் உன் அக்கா. உள்ளதைச் சொன்னால் அவள் உழைப்பெல்லாம் என் ஒரு விரலால் போய்விடும். சொல்லாவிட்டால் அவள் முகத்தில் எப்படி விழிப்பது? நீ வெள்ளிக்கிழமைக்குள் புறப்பட்டு வா. இது நமக்கு வேண்டாம் என்று அவளிடம் பக்குவமாகச் சொல்லி, முடிந்தால் உன்னோடு ஒரு மாதம் அழைத்துக்கொண்டு போ. நீ சொன்னால்தான் கேட்பாள்.

உன் மனைவிக்கு என் விசாரிப்புகள். குழந்தைகளுக்கு ஆசிகள், நடக்கிற காலோடு நீண்ட நாள் வாழட்டும்.

இப்படிக்கு,
நலமாகவே இருக்கும் உன் அத்தான்

பின்குறிப்பு: தபாலில் போடுவதற்குள் கூட்டத்தை இன்றைக்கே வைத்துவிட்டார்கள். பச்சைக் கட்டத்திலிருந்து எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டேன். குழுத் தலைவி அம்மாள், "சொந்த வீட்டுக்காரருக்காகக்கூட அவங்க மாத்தலையா?" என்று கேட்டார். "கெஞ்சிப் பாத்தேம்மா, மாத்தல" என்றேன். அடுத்த வருஷத்துக்கும் கொடுத்துவிட்டார்கள். ஆகவே நீ எதையும் பக்குவமாகச் சொல்ல வேண்டாம். அவளை எங்கேயும் அழைத்துப் போகவும் கூடாது, இங்கே ஏகப்பட்ட வேலை கிடக்கிறது. இனி ஆஸ்பத்திரிக் கட்டில்களும் வரப்போகின்றன. வருவதானால் பழைய சட்டை போட்டுக்கொண்டு வா. ஒரு கட்டிலை மூன்றாவது மாடிக்கு ஏற்ற வேண்டும். கால் பக்கம் நான் பிடித்துக்கொள்கிறேன், தலைப் பக்கம் உன்னுடையது.