நாலு மணிக்கு என் தோளில் சாய்ந்த மகள்

மரியாதைக்குரிய மாமா அவர்களுக்கு, உங்கள் முன்னாள் மாப்பிள்ளை பணிவுடன் எழுதிக்கொள்வது.

நான் நலம், உங்கள் நலம் அறிய ஆவல் என்று தொடங்குவதுதான் முறை. ஆனால் நான் நலமாக இல்லை. நீங்கள் நலமாக இருப்பதோ எனக்குத் தெரியும், ஏனென்றால் போனில் யார் எந்தப் பதிவைப் போட்டாலும் முதல் லைக் உங்களுடையதாகத்தான் விழுகிறது. விவாகரத்து உங்கள் மகளுக்கும் எனக்கும்தானே ஒழிய, உங்களுக்கும் எனக்கும் இல்லை. உங்களை மாமா என்று கூப்பிடக் கூடாதென்று தீர்ப்பில் ஒரு வரிகூடக் கிடையாது, இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டேன். போனில் சொல்லித் தொலைக்கலாமே என்பீர்கள். தபால் துறையில் முப்பத்தாறு வருடம் இருந்த மனிதர், உறையில் வந்தால்தான் கடைசிவரை படிப்பீர்கள். போனில் வருவதைப் படிக்காமலே லைக் போடுகிறீர்கள் என்பதுதான் இந்தக் கடிதத்தின் விஷயமே.

பகலெல்லாம் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்து, கிளட்ச் எது பிரேக் எது என்று தெரியாதவர்களிடம் தொண்டை கிழியக் கத்துகிறவன் நான். பிரிந்த பிறகு மாலையில் வீட்டுக்கு வந்தால் வீடு வெறிச்சென்று இருந்தது. முதலில் நிஜமாகவே பிரார்த்தனைதான் செய்தேன் மாமா, சத்தியமாக. ஒரு நாள் கண்மூடி உட்கார்ந்ததைப் படமெடுத்துப் போட்டேன், நாற்பது பேர் கும்பிட்டார்கள். மறுநாள் தொண்ணூறு. மூன்றாம் நாள் படமெடுக்கவே நேரம் சரியாக இருந்தது, பிரார்த்தனைக்கு நேரமில்லை. 'நான் என்பதை விடு' என்ற பதிவுக்கு என் முகத்தையே பதினேழு கோணத்தில் எடுத்தேன். 'பொறுமையே பிரார்த்தனை' என்று எழுதிக்கொண்டிருந்தபோது, ஓட்டிக்கொண்டிருந்த பெண்ணிடம், "ஏம்மா, எதுக்க லாரி வர்றது தெரியல? கண்ணு என்ன முதுகுலயா இருக்கு?" என்று கத்திவிட்டு, அதே கையோடு முற்றுப்புள்ளி வைத்தேன். ஓடுகிற காரில் நான் கண்மூடித் தியானிக்கும் படத்துக்கு ஆயிரம் லைக் வந்தது. ஒரு மாணவியின் அப்பா மட்டும் அன்றே அவளை வேறு பயிற்சிப் பள்ளியில் சேர்த்துவிட்டார்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆசை யாரை விட்டது, தியாகத் தந்தை ஆகிவிட்டேன். மகள் குட்டி ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் என்னிடம் வருகிறாள். தினமும் அவளுக்குச் சாப்பாடு கட்டுவதும், தலை பின்னுவதும், காய்ச்சல் வந்தால் பக்கத்தில் உட்காருவதும் உங்கள் மகள். ஆனால் என் பக்கத்தைப் படித்தவர்கள், குழந்தையை ஒற்றைக் கையால் நான்தான் வளர்க்கிறேன் என்று நம்பினார்கள், நானும் மறுக்கவில்லை. இதற்கிடையில் கடைத்தெரு போட்டோ ஸ்டூடியோ அம்மாள் ஒரு யோசனை சொன்னார். "எதுக்கு சார் தினமும் கஷ்டப்படுறீங்க? மொத்தமா எழுதி வச்சிட்டா தேதி பாத்து, நேரம் பாத்து அதுவே போட்டுக்கும்." ஒரே மூச்சில் அறுபது பதிவு எழுதி வைத்தேன். 'இன்று அதிகாலை நாலரைக்கு எழுந்தேன்' என்று மட்டும் பதினெட்டு. நான் எழுவது எட்டு மணிக்கு. என் பக்கம் எனக்கு முன்னாலேயே எழுந்து பிரார்த்தனையை முடித்திருக்கும். ஞாயிறு தோறும் மாலை நாலு மணிக்கு ஒன்று: 'மகள் என் தோளில் சாய்ந்திருக்க, இருவரும் பிரார்த்தித்து எழுந்தோம். கண்ணில் நீர்.'

அந்த நேரம் பார்த்து ஆன்மிக அன்பர் வட்டம் என்று ஒரு சங்கத்தார் எனக்குத் 'தியாகத் தந்தை' விருது அறிவித்தார்கள். விழா ஞாயிற்றுக்கிழமை. நான் குட்டிக்குப் போன் போட்டு, "இந்த வாரம் வேணாம்மா, அப்பாவுக்குத் தியாகத் தந்தை விருது குடுக்கிறாங்க" என்றேன். "சரிப்பா" என்றாள். அவ்வளவுதான். நான் சொன்னதில் என்ன தப்பு என்று அப்போது எனக்கு உறைக்கவே இல்லை, பாருங்கள். மேடையில் தலைவி அம்மாள், ரிட்டயர்டு தலைமை ஆசிரியை, என் தியாகங்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். மணி நாலு. அரங்கம் முழுக்கப் போன்கள் கிணுகிணுத்தன. அவரும் தன் போனை எடுத்து, "இதோ, இப்பதான் போட்டிருக்கார்" என்று தோளில் சாய்ந்த பதிவை உருகி உருகி வாசித்தார். மேடையில் தனியாக உட்கார்ந்திருந்த என் தோளைச் சிலர் எட்டிப் பார்த்தார்கள். படித்த வேகத்தில் கீழே இருந்த கருத்துகளையும் வாசித்துவிட்டார். முதல் கருத்து உங்களுடையது, மாமா. 'நேரில் பார்த்தது போல இருக்கிறது. கண் கலங்கிவிட்டது.' அதற்குக் கீழே குட்டி: 'அப்பா, நான் அம்மா வீட்ல சைக்கிளுக்குக் காத்தடிச்சுட்டு இருக்கேன். உங்க தோள்ல இருக்கிறது யாரு?'

முதலில் சிரித்தது முன்வரிசையில் இருந்த, என்னிடம் திட்டு வாங்கிய அந்த லாரிப் பெண். அப்புறம் ஓர் ஆள் பாக்கியில்லை. தலைவி அம்மாள் கேடயத்தை என் கையில் திணித்து, "பேரு பொறிச்சாச்சு. என்ன பண்றது, எடுத்துட்டுப் போங்க" என்றார். குட்டி காற்றடிக்கும்போது சைக்கிளை ஆடாமல் பிடித்துக்கொண்டிருந்தது நீங்கள்தானாமே, மாமா. ஒரு கையில் பேத்தியின் சைக்கிள், மறு கையில் எனக்குக் கண் கலங்கல். என்னைவிடப் பெரிய பக்தர் நீங்கள்.

அன்று உங்கள் மகள் போன் செய்தாள். திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலாம். "ஞாயித்துக்கிழமை உங்களோடதுதான். தோளுக்கு மட்டும் ஆள் வேணும்னா போட்டோ போதும். புள்ள வேணும்னா நேர்ல வாங்க" என்றாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது மாமா. விருதுக்காக மகளை வர வேண்டாம் என்றவன், அவளையே காட்டி விருது வாங்கியிருக்கிறேன். குட்டியைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். "நாலு வாரம். தினம் ஒண்ணு, பொய் இல்லாம எழுதுங்க. ஒண்ணு பொய்யா இருந்தாலும் மறுபடி முதல்லேர்ந்து. அதுவரைக்கும் நான் வரல" என்று வைத்துவிட்டாள். பதிமூன்று வயதுதான் ஆகிறது, கண்டிப்பில் அப்படியே உங்கள் மகள்.

எழுதுகிறேன். 'இன்று எட்டேகாலுக்கு எழுந்தேன். பிரார்த்தனைக்கு உட்கார்ந்தேன். கார் டயர் மாற்ற வேண்டிய ஞாபகம் வந்தது. எழுந்துவிட்டேன்.' மூன்று லைக். அதில் ஒன்று நான், ஒன்று நீங்கள். 'இன்று நாலு பேரைத் திட்டினேன், ஒருவரிடம் மன்னிப்புக் கேட்டேன். மற்ற மூவரும் இன்னும் இடப்பக்கம் கைகாட்டி வலப்பக்கம்தான் திரும்புகிறார்கள்.' என் பக்தர்களில் பாதிப் பேர் ஓடிவிட்டார்கள், ஆனால் லாரிப் பெண் தினமும் வந்து படித்துச் சிரிக்கிறாள். நேற்று, 'என் மகளுக்கு எந்தப் பாடம் பிடிக்கும் என்று எனக்குத் தெரியாது' என்று எழுதினேன். எழுதி முடித்ததும் நிஜமாகவே கண்ணில் நீர் வந்தது, படமெடுக்கத் தோன்றவில்லை. பத்து நிமிடம் கழித்துக் கீழே குட்டியின் ஒரு வார்த்தை வந்து விழுந்தது: 'வரலாறு.' மாமா, ஆயிரம் லைக் வாங்கியவன் சொல்கிறேன், அந்த ஒரு வார்த்தைக்கு ஈடே இல்லை. காரில் போகும்போது யாரையும் திட்டாமல் பாட்டுப் பாடிக்கொண்டு போனேன்.

வருகிற ஞாயிறோடு நாலு வாரம் முடிகிறது. வருவாயா என்று கேட்டதற்கு "பாக்கலாம்" என்றிருக்கிறாள். நீங்கள் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நான் முழுக்கத் திருந்திவிட்டேன். கேடயம்கூடக் காற்றில் கதவு அடிக்காமல் இருக்க முட்டுக்கொடுக்கிறது.

பிரஷர் மாத்திரையைத் தவறவிடாதீர்கள். உங்கள் மகளுக்கு என் மரியாதை. பதில் வராவிட்டாலும் பரவாயில்லை. குட்டிக்கு என் ஆசிகள், அவள் வாங்கிக்கொள்வதாக இருந்தால்.

என்றும் தங்கள்,
டிரைவிங் ஸ்கூல் மாப்பிள்ளை

பி.கு: முழுக்கத் திருந்திவிட்டேன் என்று எழுதியதில் சின்னத் திருத்தம். எழுதி வைத்த பதிவுகளையெல்லாம் அழித்துவிட்டேன், ஒன்றைத் தவிர. வருகிற ஞாயிறு மாலை நாலு மணிக்கு உள்ளது, அதே தோள், அதே கண்ணீர். அழிக்கத்தான் விரலை வைத்தேன், மனம் வரவில்லை. நன்றாக எழுதியிருக்கிறேன், மாமா. நாலு மணிக்கு அவள் இங்கே இல்லையென்றால் அது பொய்யாகிவிடும், மறுபடி முதலிலிருந்து நாலு வாரம். ஆகவே தயவுசெய்து மூன்றரைக்கெல்லாம் சைக்கிளில் ஏற்றி அனுப்பிவிடுங்கள். தோளில் சாய வேண்டாம், வந்தால் போதும். சாய்ந்த வரியை அவள் கையாலேயே அழிக்கச் சொல்கிறேன். நீங்கள் மட்டும் லைக் போடுவதற்கு முன்னால் ஒரு தடவை திரும்பி, குட்டி உங்கள் வீட்டில் இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.