பூட்டுக்கடைக்காரரும் போகாத பெட்டியும்

"வேண்டாம்னு சொல்ல இதுல எங்கடி இடம் இருக்கு?" என்று பூட்டுக்கடைக்காரர் மனைவியைப் பார்த்துக் கத்தினார்.

புதுக் கம்ப்யூட்டர் வீட்டுக்கு வந்து அரை நாள்தான் ஆகிறது. அதற்குள் திரையின் நடுவில் சிவப்பாக ஒரு பெட்டி வந்து சட்டமாக உட்கார்ந்துகொண்டு, 'உங்கள் கணினி ஆபத்தில் இருக்கிறது! இலவசச் சோதனைக் காலம் இன்னும் முப்பதே நாள்!' என்று மிரட்டியது. கீழே இரண்டு பொத்தான்கள். ஒன்று, 'இப்போதே வாங்குகிறேன்.' இன்னொன்று, 'பிறகு வாங்குகிறேன்.' என்ன தாராள மனசு பாருங்கள்.

மாலை ஐந்து மணிக்கு இதே திரையில்தான், மகள் தானாகவே பார்த்து முடிவு செய்திருந்த பையனோடும் அவன் வீட்டாரோடும் அவர் பேச வேண்டும். "முகத்தைப் பார்த்தாலே ஆள் எப்படின்னு எனக்குத் தெரிஞ்சிடும். பிடிக்கலேன்னா முகத்துக்கு நேராவே சொல்லிடுவேன்" என்று வேறு அறிவித்திருந்தார். மகளுக்குக் காலையிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை.

"பையனுக்கு என்ன வேலைன்னு கேட்டேனே?"

"கம்ப்யூட்டர் கம்பெனிலப்பா" என்று சொல்லிவிட்டு மகள் தண்ணீர் குடிக்கப் போய்விட்டாள். அன்றைக்கு அவளுக்கு ரொம்பத் தாகம்.

'பிறகு' என்பதை அழுத்தினார். பெட்டி மறைந்தது. அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டுவதற்குள் திரும்ப வந்துவிட்டது.

சரி, ஒரேயடியாக நீக்கிவிடலாம் என்று பார்த்தார். 'எங்களைப் பிரிய மனசு வருகிறதா?' என்று கேட்டு ஒரு நாய்க்குட்டிப் படம் கண்ணீர் விட்டது.

"ஐயோ பாவம், இருந்துட்டுப் போகட்டுமே" என்றாள் மனைவி.

கம்ப்யூட்டர் வாங்கின கடைக்குப் போன் செய்தார்.

"அதெல்லாம் கூடவே இலவசமா வர்றது சார். போகணும்னா, சுத்தம் பண்ற புரோகிராம் ஒண்ணு இருக்கு, போட்டுக்குங்க. அதுவும் இலவசம்தான்."

போட்டார். அது உள்ளே காலெடுத்து வைத்ததுமே நானூறு குறைகளைக் கண்டுபிடித்தது. கண்டுபிடிப்பது இலவசம், சரி பண்ணத்தான் காசு. இப்போது சிவப்புப் பெட்டிக்குத் துணையாகப் பக்கத்தில் ஒரு மஞ்சள் பெட்டி.

கடுப்பில் கம்ப்யூட்டரை அணைத்தார். மறுபடி போட்டதும் அது வாயைத் திறந்து பேசவே ஆரம்பித்துவிட்டது. "ஆபத்து! ஆபத்து!"

"நான் பூட்டு வித்தா கூடவே ரெண்டு சாவி தர்றேன். முப்பது நாள் கழிச்சு வாங்கினவன் வாசல்ல போய் நின்னுக்கிட்டு, சாவிக்குக் காசு குடு, இல்லேன்னா திருடன் வருவான்னு கத்தறேனா? இதைப் பண்ணினவன் உருப்படுவானா? இவனுக்கெல்லாம் எவன் பொண்ணு குடுப்பான்?"

"அப்படியெல்லாம் பேசாதீங்கப்பா!" மகள் அழுதுவிடுவாள் போலிருந்தது.

"நீ ஏன் அவனுக்குப் பரிஞ்சுக்கிட்டு வர்றே?"

அவள் பதில் சொல்வதற்குள் அழைப்பு வந்துவிட்டது. திரையில் ஒரு பக்கம் பையனின் அம்மா, மறுபக்கம் தங்கை, நடுவில் பையனின் சட்டை. முகம் இருக்க வேண்டிய இடத்தில் சிவப்புப் பெட்டி.

"தப்பா நினைக்காதீங்க தம்பி. கணினி ஆபத்துல இருக்குன்னு ஒரு தண்டச் செவப்புப் பெட்டி உங்களை மறைக்குது. இந்த அயோக்கியத்தனத்தைப் பண்ணினவன் மட்டும் என் கையில கிடைச்சான்..."

பையனின் அம்மா கூரையைப் பார்த்தார். தங்கை வாயைப் பொத்திக்கொண்டாள். சட்டை லேசாக இருமியது.

"மாமா, அந்தப் பெட்டியோட கீழ் மூலையில, அதே செவப்புல, குட்டியா ஒரு புள்ளி இருக்கும். மூணு தடவை அழுத்துங்க. மஞ்சள் பெட்டி ஏதாவது இருந்தா அதுக்கும் இதேதான்."

அழுத்தினார். சிவப்பு போனது. மஞ்சள் போனது. கூச்சலும் நின்றது. பெட்டி இருந்த இடத்தில் லட்சணமாக ஒரு முகம் வேர்த்துக்கொண்டிருந்தது.

பூட்டுக்கடைக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. "மாப்பிள்ளைன்னா இவர்தான் மாப்பிள்ளை! எனக்குப் பூரண சம்மதம். நான் ஒரு வார்த்தை சொன்னா சொன்னதுதான், மாத்திப் பேசற பழக்கமே கிடையாது. ஆமா, பூட்டுக்குள்ளயே குடியிருக்கற என் கண்ணுக்கே படாத புள்ளி, அதை எப்படி மாப்பிள்ளை கண்டுபிடிச்சீங்க?"

மாப்பிள்ளை சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டான். மகள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். தங்கைக்குத்தான் அதற்குமேல் அடக்க முடியவில்லை.

"கண்டுபிடிக்கறதா? அதை அங்கே ஒளிச்சு வெச்சதே அண்ணன்தானே!"