இன்குபேட்டருக்குள் கேந்திப்பூ

படித்தவர்களுக்குக் கிறுக்குப் பிடித்தால் லேசில் விடாது. எனக்குப் பிடித்தபோது நான் வெள்ளைக் கோட்டும் போட்டிருந்தேன்.

மும்பை செம்பூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை. தட்டின் அடியில் எலும்புச் செல்கள், நடுவில் நுண்துளைச் சவ்வு, அதன்மேல் புராஸ்டேட் புற்றுநோய்ச் செல்கள். அவை எலும்பைத் தேடி எப்படி இறங்குகின்றன என்று பார்க்க வேண்டும். நோய் பரவுவதற்கு அது ஒரு மாதிரி. அசல், தாராவியில் எங்கள் வீட்டுக் கட்டிலில் படுத்திருந்தது. அப்பாவுக்கு இடுப்பெலும்பு வரை இறங்கிவிட்டது.

"என்னத் திங்கிறது எப்படி நடக்குன்னு ஒரு தடவ காட்டுட்டி" என்று கேட்டிருந்தார். படம் எடுத்துக் காட்டுவதாகச் சொல்லியிருந்தேன்.

ஆயுத பூஜை வந்தது. அப்பா குர்லாவில் லேத் ஓட்டியவர்.

"மெஷினுக்குப் பூசை போட்டியா?"

"அது லேத் இல்லப்பா. செல் வளர்க்கிற பெட்டி, இன்குபேட்டர்."

"கரண்டுல ஓடுதுல்லா? அப்ப மெஷின்தான். பூவ உள்ள வையி. வெளிய வச்சா அதுக்கு எப்படித் தெரியும்?"

(வலியில் கிடக்கிற மனுஷனிடம் யார் வாதாடுவது? எனக்கும் அப்போது சாமி தேவைப்பட்டது.) சந்தனம் தொட்டு, கேந்திப்பூ ஒன்றை மேல்தட்டு மூலையில் வைத்தேன். கையுறைக்கே ஸ்பிரிட் அடித்துக்கொண்டு நுழைகிற அறை அது. பூவுக்கும் அடித்தேன் என்பதைக் கவனிக்கவும்.

விடுமுறை முடிந்து திறந்தால் எல்லாத் தட்டிலும் பூஞ்சை, பஞ்சு பஞ்சாக. என்னுடையது மட்டுமல்ல, எல்லோருடைய செல்களும் காலி. ஆய்வுக்கூடத் தலைவியான மேடம் இடுக்கியால் பூவைத் தூக்கினார்.

"யே க்யா ஹை?" (இது என்னவாம்.)

"ஃபூல், மேடம்."

"வோ தோ திக் ரஹா ஹை." (பூ என்பது தெரிகிறதாம்.)

செல் அறைப் பக்கமே வரக்கூடாது என்று உத்தரவு. அப்பா இருக்கும்போதே அந்தப் படம் கிடைக்காது என்று புரிந்துவிட்டது. வீட்டுக்கு வந்து சொல்லி அழுதேன்.

"எல்லாம் செத்துப்போச்சாட்டி? கேன்சர் செல்லுமா?"

"எல்லாமேப்பா."

அப்பா சிரித்தார். இடுப்பு சுண்டி இழுத்து முகம் கோணியது. மறுபடியும் சிரித்தார். "பெரிய டாக்டருங்களால முடியாதத நீ முடிச்சுட்டியே. எடந்தான் மாறிப்போச்சு."

படத்தைப் பார்க்காமலேயே போய்விட்டார். துக்கம் கேட்க வந்த சொந்தக்காரர் அம்மாவிடம், "ஒம்ம மவ கேன்சர் ஆராய்ச்சிதான பண்ணுதா? ஒண்ணும் செய்ய முடியலியா?" என்றார்.

"கொன்னாளே" என்றாள் அம்மா. "எடந்தான் மாறிப்போச்சு."

நானும் அம்மாவும் அடக்க முடியாமல் சிரித்துவிட்டோம். அவர் டீ குடிக்காமலேயே எழுந்து போனார்.

இன்றும் காபியில் சர்க்கரைக்குப் பதில் உப்பு விழுந்தால் அம்மா அதையேதான் சொல்கிறாள். இரண்டு பேரும் சிரிக்கிறோம். முதலில் சிரிப்பை நிறுத்துகிறவர் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வருகிறார்.