பழனியாண்டிக்குப் போட்ட வயர்

"பழனி" வரைக்கும் போன பெயர் "யாண்டி"க்கு முன்னால் நின்றுவிட்டது. கைபேசித் திரையில் மகள் கிருஷாந்தி வாயைப் பாதி திறந்தபடி இருந்தாள். மருமகன் சுதேஷ் தூக்கிய விரலை இறக்கவில்லை. சற்று நேரத்தில் மெல்பேர்ன் அழைப்பே அறுந்துபோனது.

"இது நாலாவது தடவ," என்றார் செல்லப்பா. "பேரச் சொல்ல வாயத் தொறந்தா போதும், படம் நின்னுருது."

ஞாயிற்றுக்கிழமை பேரனுக்கு முப்பத்தோராம் நாள், பெயர் வைக்கும் நாள். குழந்தையின் காதருகே பிடிக்கச் சொல்லி, கண்டி அஸ்கிரியவிலுள்ள தன் வீட்டிலிருந்தே மூன்று முறை "பழனியாண்டி" என்று சொல்லிவிடுவது அவருடைய திட்டம். பழனியாண்டி அவருடைய அப்பா. தெல்தோட்டையில் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டி, மகனைக் கண்டியில் மாநகர சபை வேலை வரைக்கும் கொண்டுவந்து சேர்த்த மனுஷன். அந்தப் பெயர் இப்போது செல்லப்பாவுக்கு முன்னால் ஒற்றை எழுத்தாக ஒட்டிக்கொண்டிருந்தது. தன்னோடு அதுவும் போய்விடுமே என்று அவருக்கு உண்மையாகவே பயமாக இருந்தது.

"வீட்டுக்குள்ள வயர் போட்டாத்தான் சரி," என்றார்.

"எதுக்குங்க? நேத்து நா ஒரு மணி நேரம் பேசுனேனே, நல்லாத்தானே இருந்துச்சு?" என்றாள் மனைவி வடிவம்மா.

"நீ பேசுறது வசம்பும் ஓமத்தண்ணியும். அது லேசா போயிரும். பேரு அப்பிடியா?"

வயர் போட கட்டுகஸ்தோட்டையிலிருந்து ருஷ்தி வந்தான். வேகத்தை அளந்து பார்த்தான்.

"வைஃபையே நல்லா ஈக்கி, ஐயா. நீங்க எடுத்தீக்கிற பெக்கேஜுக்கு உள்ளுக்கு பெரிய வயர் போட்டும் வேலயில்ல."

செல்லப்பா முப்பத்திரண்டு வருஷம் மாநகர சபையின் தண்ணீர்ப் பகுதியில் வேலை பார்த்தவர். குழாய்க்கு அடங்காத விஷயம் உலகத்தில் இல்லை என்பது அவர் கொள்கை.

"நல்லா இருக்கட்டும், தம்பி. தாங்கி நெறைய தண்ணி இருக்கலாம். வீட்டுக்குள்ள பைப்பு ஒல்லியா இருந்தா முக்கி முக்கித்தான் வரும். இருக்கிறதுலயே பெரிய வயரா போடுங்க."

"இது தண்ணி இல்லயே, ஐயா..."

"போடுங்க."

வயர் கூரை வழியாகப் போனது. மறுநாள் காலையில் குரங்குகள் அதைப் பிடித்து இழுத்ததில் அலுமாரி மேலிருந்த ரவுட்டரும் கீழே விழுந்து உடைந்தது. வயரும் இல்லை, இருந்த வைஃபையும் இல்லை. செல்லப்பா டவுனுக்குப் போய்ப் புதிய ரவுட்டர் வாங்கிவந்தார்.

"இப்ப சுவத்தத் தொளைச்சுப் போடுங்க. கொரங்கு என்ன பண்ணுதுன்னு பாப்போம்."

"உள்ளுக்கு தண்ணி பைப் ஓடுதா, ஐயா?"

"யார்கிட்ட கேக்குறீங்க? கண்டியில எந்த பைப் எங்க ஓடுதுன்னு எனக்குத் தெரியாதா?"

துளைக்கருவி உள்ளே போனது. தண்ணீர் வெளியே வந்தது. ஊர்க் குழாயெல்லாம் தெரிந்தவருக்குத் தன் வீட்டுக் குழாய் தெரியாமல் போயிற்று. வடிவம்மா வாளியைத் தேடி ஓடினாள்.

"போதுங்க. பேரக் கடுதாசியில எழுதி அனுப்பிருங்க," என்றாள், முழங்காலுக்கு மேல் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு.

"கொரங்குக்கும் தண்ணிக்கும் பயந்தவன் எப்பிடிடி பேரு வைப்பான்?"

கடைசியில் வயர் வீட்டுக் கூடத்தின் நடுவில், தரையோடு தரையாக ஓடியது. வடிவம்மா இரண்டு தடவை தடுக்கி விழப் பார்த்தாள். செல்லப்பா ஒரு தடவை விழுந்தேவிட்டார். விழுந்த இடத்திலிருந்தே, "இது அசையாது," என்று சந்தோஷப்பட்டார்.

ஞாயிறு காலை. சுவரில் போட்ட ஓட்டையை அடைக்க ருஷ்தியும் வந்திருந்தான். வயரைச் சொருகிய மடிக்கணினியில் மெல்பேர்ன் பளிச்சென்று தெரிந்தது. கிருஷாந்தியின் மடியில் பேரன், பக்கத்தில் சுதேஷ். குழந்தையின் கன்னத்து மைப்பொட்டு வரை துல்லியம்.

"பாத்தீங்களா, தம்பி? வேலயில்லன்னு சொன்னீங்களே," என்றார் செல்லப்பா. பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து தொண்டையைச் செருமினார். "புள்ளையோட காதக் கிட்ட கொண்டு வாம்மா. பழனி..."

கிருஷாந்தியின் வாய் பாதியில் நின்றது. சுதேஷின் விரல் தூக்கியபடியே நின்றது.

செல்லப்பா கதிரையைத் தள்ளிவிட்டு எழுந்தார். கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை.

"இதவிடப் பெரிய வயர் கொண்டாங்க, தம்பி. வீட்ட இடிச்சாவது போடுவோம். எங்கப்பா பேரு போய்ச் சேராம நா விடமாட்டேன்."

ருஷ்தி சாந்துக் கரண்டியைக் கீழே வைத்தான். குனிந்து திரையைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தான்.

"லைன் நல்லா ஈக்கி, ஐயா," என்றான் மெதுவாக. "புள்ள கொட்டாவி விடுது."