அலமாரிக்குள் ஒரு ஃபைட்டர் மீன்

இனிமேல் பொறுமையே வடிவாக இருப்பது என்று அவர் முடிவெடுத்தபோது மணி காலை ஏழு. ஏழு பத்துக்கெல்லாம் அதை வீட்டில் அறிவித்துவிட்டார். பத்து நிமிடம் வாயை மூடிக்கொண்டிருந்ததே அவரைப் பொறுத்தவரை பெரிய சாதனை.

மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற வேலை அவருக்கு. அங்கே அவருக்கு ‘அவசரக்குடுக்கை’ என்று பெயர். வீட்டிலும் அதே பெயர்தான். தொனி மட்டும் வேறு.

“ஒரு மீன் தொட்டி வைக்கப் போறேன். ஃபைட்டர் மீன். ஒண்ணே ஒண்ணு.”

“ஏன், வீட்ல சண்டைக்கு ஆள் பத்தலையா?” என்றாள் மனைவி, தையல் மெஷினை நிறுத்தாமல்.

“விளையாடாதே. ஜன்னலோர மேசைதான் அதுக்குச் சரியான இடம். உன் மெஷினைப் பின்னறைக்கு மாத்திடலாம்.”

மெஷின் நின்றது. அந்த மேசையில்தான் அவள் பல வருஷமாக அக்கம்பக்கத்தாருக்குத் துணி தைக்கிறாள். பின்னறையில் வெளிச்சமும் கிடையாது, காற்றும் கிடையாது.

“மீனை எப்ப விடுவீங்க?”

“மூணு வாரம் ஆகும். வெறும் தண்ணியை ஊத்தி ஃபில்டரை ஓட விடணுமாம். மீனுக்கு வேண்டிய நல்ல கிருமியெல்லாம் அதுல வளரணுமாம். மீன்கடைக்காரர் சொன்னார்.”

“மூணு வாரமா? அடுப்புல தண்ணி கொதிக்கிறதுக்குள்ள நாலு தடவை மூடியைத் தொறந்து பாக்கற ஆளு நீங்க. சரி, ஒரு பந்தயம். இருபத்தொரு நாள் வெறும் தண்ணியோட இருந்துட்டா மேசை உங்களுக்கு. நடுவுல மீன்னு ஒண்ணு என் கண்ணுல பட்டுது, தொட்டி மொட்டை மாடிக்குப் போயிடும்.”

“நானா? எனக்கா? பாத்துடலாம்!”

தொட்டி வந்தது. கூழாங்கல் வந்தது. தண்ணீரைக் கதகதப்பாக வைக்க ஒரு ஹீட்டர் வந்தது. தற்காலிகமாகச் செருப்பு அலமாரிமேல் எல்லாம் உட்கார்ந்தது. முதல் நாள் தண்ணீரைப் பார்த்தார். இரண்டாம் நாள் தண்ணீர் அவரைப் பார்த்தது. மூன்றாம் நாள் இருவருக்கும் சலித்துவிட்டது.

நான்காம் நாள் மீன்கடைக்குச் சும்மா போனார். சும்மாதான். அங்கே ஒரு கிண்ணத்தில் கருநீல உடம்பும் சிவப்பு ஓரம் வைத்த துடுப்புமாக ஒரு மீன், பட்டுப் பாவாடை விரித்த மாதிரி நின்றது.

“இன்னும் பதினேழு நாள் இதை வெச்சிருப்பீங்களா?” என்று கேட்டார்.

“இன்னொருத்தர் இப்பதான் கேட்டுட்டுப் போனாரு சார்,” என்றார் கடைக்காரர்.

அவ்வளவுதான். பொறுமையின் வடிவம் பத்தே நிமிடத்தில் பையில் மீனோடு வீடு திரும்பியது. காலி பிஸ்கட் பாட்டிலில் தண்ணீர் ஊற்றி மீனை விட்டு, துணி அலமாரியில் தன் பழைய கோட்டுக்குப் பின்னால் ஒளித்து வைத்தார்.

காலையில் வேலைக்குக் கிளம்புமுன் கோட்டை எடுப்பதுபோல அலமாரிக்குள் தலையை விடுவார். நாலு உருண்டை தீனி போடுவார். மாலையிலும் அப்படியே. ஆறாம் நாள் காலை பார்த்தபோது மீன் பாட்டிலின் அடியில் படுத்திருந்தது. துடுப்பெல்லாம் ஒட்டிப்போய், நிறம் வெளுத்து, மூச்சு மட்டும் லேசாக ஓடியது. தண்ணீர் கலங்கியிருந்தது. தொட்டால் சில்லென்றிருந்தது.

பத்தடி தள்ளி ஹீட்டர் போட்ட தொட்டி காலியாக ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு மேசைக்காக ஒரு உயிர் இருட்டில் கிடக்கிறது.

“மன்னிச்சுக்கோடா,” என்று முனகினார். சாயங்காலம் வந்ததும் மனைவியிடம் உண்மையைச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தார். அன்று கடையில் யாருடைய இடது கண்ணையோ வலது பக்கத்தில் பொருத்தி முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

மாலையில் ஓடி வந்து அலமாரியைத் திறந்தால், மீன் துடுப்பை விரித்துக்கொண்டு ஜம்மென்று சுற்றியது! தண்ணீர்கூடத் தெளிந்த மாதிரி இருந்தது. மன்னிப்புக் கேட்டதற்கு இவ்வளவு பலனா என்று வியந்தார். உண்மையைச் சொல்லும் எண்ணத்தை அப்படியே விழுங்கிவிட்டார்.

அன்றிலிருந்து தினமும் மன்னிப்புதான். மீனுக்குச் செய்த பாவம் இரண்டு நாளில் தீர்ந்துபோயிற்று. பிறகு மனைவிக்குச் செய்ததையெல்லாம் கோட்டின் மறைவில் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார். மீன் ஒரு வார்த்தை குறுக்கே பேசவில்லை. இத்தனை வருஷத்தில் அவருக்கு அப்படி ஒரு ஆள் வாய்த்ததில்லை.

இருபத்தொன்றாம் நாள் மனைவி நூல் வாங்கப் போன நேரத்தில் மீனைத் தொட்டிக்கு மாற்றினார். அவள் வாசலில் கால் வைத்ததும் மார்பை நிமிர்த்தினார்.

“பாத்தியா? ஜெயிச்சுட்டேன். இப்பதான் வாங்கிட்டு வந்தேன்.”

அவள் அருகில் வந்து கண்ணாடியில் ஒரு விரலை வைத்தாள். மீன் வாலை ஆட்டிக்கொண்டு விரலிடம் ஓடியது. அவர் தன் விரலை வைத்தார். அது கூழாங்கல்லுக்குப் பின்னால் போய்விட்டது.

“என்னடா தங்கம், இன்னிக்கு எனக்கு லேட்டாயிடுச்சா?” என்றாள் அவள் மீனிடம்.

அவர் மீனையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

“பதினஞ்சு நாளா யாரு தண்ணி மாத்துறாங்கன்னு நெனச்சீங்க? பகல்ல ஜன்னலோரம் என் பக்கத்துலதான் இருக்கும். நீங்க வர்ற நேரத்துக்குக் கோட்டுக்குப் பின்னால வெச்சிருவேன். கடைக்காரர்கிட்ட கேட்டுக் கேட்டுதான் பொழைக்க வெச்சேன்.”

“அப்பவே ஏன் சொல்லல?”

“நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்தேன். அலமாரிக்குள்ள தலையை விட்டு நீங்க பேசினதும் என் காதுல விழுந்துது.”

“எ... எல்லாமுமா?”

அவள் நாற்காலியில் உட்கார்ந்து கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

எல்லாம் தெரிந்தவளிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? அவரே ஆரம்பித்தார். உன் தங்கச்சி வீட்டுக்கு வராம கடையில வேலைன்னு சொன்னது பொய், பூங்காவுல உக்காந்திருந்தேன். உன் பச்சைக் கம்பளிச் சட்டையைச் சுருக்கினது வாஷிங் மெஷின் இல்ல, நான்தான். கடைசியாகப் பெரிய பாவத்துக்கு வந்தார்.

“அந்தத் தையல் பள்ளிக்கூடத்து டீச்சர் வேலை... பன்னெண்டு வருஷத்துக்கு முன்னாடி... வேற யாரையோ எடுத்துட்டாங்கன்னு நான் சொன்னது பொய். உன் விண்ணப்பத்தைத் தபால்ல போட மறந்துட்டேன். தேதி முடிஞ்சப்புறம்தான் பையில பாத்தேன். கிழிச்சுப் போட்டுட்டேன். நீ ‘போகட்டும் விடுங்க’ன்ன பாரு, அதை என்னால இன்னிக்கும் மறக்க முடியல.”

அவள் மீனை ஒரு தரம் பார்த்தாள். பிறகு மெதுவாக எழுந்தாள்.

“எனக்குக் கேட்டது, ‘மன்னிச்சுக்கோடா’ன்னு நீங்க முனகினது மட்டும்தாங்க.”