மருவாதி அண்ணாச்சி படித்த ஒரு வரி

கம்ப்யூட்டரிடம் ‘வாங்க, போங்க’ என்று பேசியவர் இந்த உலகத்திலேயே அவர் ஒருத்தர்தான். மனுசர்கள் எல்லாரும் அவருக்கு ‘ஏலே’. அதனால் சிவகாசியில் எங்கள் சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் அவருக்கு மருவாதி அண்ணாச்சி என்று பெயர்.

காலையில் ஸ்விட்சைப் போட்டுவிட்டு, “எந்திரிங்க, நேரமாச்சு” என்பார். கரண்ட் போனால் கம்ப்யூட்டரிடம் மன்னிப்புக் கேட்பார். புரோகிராம் கிளம்பும்போது திரையில் நூற்றுக்கணக்கான வரிகள் ஓடும். நாங்கள் யாரும் அதைப் பார்க்கமாட்டோம். அவர் அத்தனையையும் பிரிண்ட் எடுத்து, ஸ்கேலை வைத்து வரிவரியாகப் படிப்பார். ஒருமுறை பேப்பர் தீர்ந்துபோய், காலண்டர் அச்சகத்தில் வேஸ்ட் தாளை வாங்கிவந்து பின்பக்கத்தில் அடித்தார். முன்பக்கம் சாமி படம். அன்று முழுக்கத் தரையில் கிடந்த பிழைச் செய்திகளை மிதிக்காமல் சுற்றிச் சுற்றி நடந்தோம்.

விஸ்வநத்தத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனிக்கு ஜாவாவில் புரோகிராம் எழுதிக் கொடுத்திருந்தோம். எல்லாம் தனித்தனித் துண்டு. ஒன்றைக் கழற்றி மாட்டினாலும் மற்றவை ஓடிக்கொண்டிருக்கும். குடோனில் சரக்கு வைக்கும்போது ஒரு துண்டு, “இன்னும் வைக்கலாமா?” என்று கேட்கும். லைசென்ஸ் அளவைப் பார்த்து இன்னொரு துண்டு பதில் சொல்லும். தீபாவளி சீசனில் அந்தப் பதில் சொல்லும் துண்டை நான் புதிதாக எழுதி மாட்டினேன். வேலை மளமளவென்று நடந்தது. மேனேஜர் சேவு பாக்கெட் அனுப்பினார்.

நாங்கள் சேவு தின்றுகொண்டிருந்தோம். அண்ணாச்சியின் ஸ்கேல் ஒரு வரியில் நின்றது.

“ஏலே, கேள்வி கேக்குத துண்டு பதில் துண்டோட முதல் வெர்ஷனைத் தேடுது. நீ ரெண்டாவதை மட்டும் வச்சிருக்க. ரெண்டையும் சேக்க முடியாதுன்னு இந்த வரியில இவுக சொல்லுதாக. அப்போ ஆருலே பதில் சொல்லுதது?”

கையிலிருந்த சேவைக் கீழே வைத்தேன். பதில் வராவிட்டால் ‘வைக்கலாம்’ என்று எடுத்துக்கொள்ளும்படி கேள்வி கேட்கும் துண்டில் எழுதியிருந்ததும் நான்தான். மூன்று நாளாகக் கேட்பதற்கெல்லாம் சரி, சரி என்று போயிருக்கிறது.

போனில் சொன்னால் நடக்காது என்று என்னை டிவிஎஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனார். குடோனுக்குள் நடக்க வழியில்லாமல் பெட்டி; இடுக்குகளில் ஆட்கள். வாசலில் இன்னொரு லோடு நின்றது. அண்ணாச்சி கதவை மறித்து நின்றார்.

“சீசன் நேரம் அண்ணாச்சி. ஆர்டர் போயிரும். கம்ப்யூட்டரே சரின்னு சொல்லுச்சே” என்றார் மேனேஜர்.

“அவுக ஒண்ணும் சொல்லல. அவுககிட்ட கேள்வி போய்ச் சேரவே இல்ல. உள்ள அம்புட்டுப் பேரு வேலை செய்யுதாகல்ல?”

மேனேஜர் திரும்பி உள்ளே பார்த்தார். அப்புறம் வாசலில் நின்ற லோடைத் திருப்பச் சொன்னார். சாயந்தரத்துக்குள் கூடுதல் பெட்டிகள் எல்லாம் வேறு குடோன்களுக்குப் போய்விட்டன. விபத்து ஒன்றும் நடக்கவில்லை.

அங்கேயே உட்கார்ந்து அண்ணாச்சி சரிசெய்தார். பழைய மாதிரிக் கேட்டாலும் புதிய துண்டு பதில் சொல்லும்படி நடுவில் ஒரு சின்னத் துண்டு. பிறகு நான் எழுதிய அந்த வரியை அழித்துவிட்டு, பதில் வராவிட்டால் சரக்கை நிறுத்து என்று மாற்றினார்.

எங்கள் முதலாளி விசாரித்தார். “யார் செஞ்ச தப்பு?”

நான் எழுந்திருப்பதற்குள் அண்ணாச்சி சொன்னார். “என்னுதுதான். மாட்டுன அன்னைக்கே படிச்சிருக்கணும். மூணு நாள் பிந்திட்டேன்.”

அந்த மாதம் முழுக்க எல்லாரும் அவரைத்தான் குறைசொன்னார்கள். அவர் ஸ்கேலை வைத்துப் படித்துக்கொண்டே இருந்தார். மறுமாதம் அடுத்த துண்டை எழுதும் வேலை வந்தபோது, பிள்ளைகளில் யாரிடம் கொடுக்கலாம் என்று முதலாளி அண்ணாச்சியிடம் கேட்டார். அவர் கையை நீட்டிக் காட்டியது என்னை.

வீட்டில்கூட என்னை அப்படி யாரும் நம்பியதில்லை.