ராமேஸ்வரத்துத் தண்ணீரும் ஒரு சொம்புப் பாலும்

எங்கள் வீட்டில் பொய்க்கு இன்னொரு பெயர் ராமேஸ்வரம். "பேங்க்ல கூட்டம், அதான் லேட்டு" என்று நான் சொன்னால், என் மனைவி கோமதி நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "எந்த பேங்க்? ராமேஸ்வரம் கிளையா?" என்பாள். மகன் மார்க் ஷீட்டைப் பற்றி இழுத்துப் பேசினால், "ராமேஸ்வரம் விடாதலே" என்பாள். எங்கள் சொந்தத்தில் இந்தக் கதையைச் சொல்லாத ஆள் நான் ஒருவன்தான். மற்றவர்கள் சொல்லச் சொல்ல மறுத்து மறுத்து எனக்கு அலுத்துவிட்டது. இனி நானே சொல்லிவிடுகிறேன். மீன்களின் எண்ணிக்கையாவது சரியாக இருக்கும். (இரண்டு. பத்து இல்லை. சுறாவும் இல்லை.)

தொண்ணூறுகளில் நான் ராஜபாளையத்தில் ஒரு நூற்பு மில்லில் மெயின்டனன்ஸ் ஃபிட்டர். புது மெஷின் மாட்ட வந்த வெள்ளைக்காரர் ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது ஒரு பத்திரிகையை மறந்து விட்டுவிட்டுப் போனார். (மனுஷன் குடையை மறந்திருக்கலாம். செருப்பை மறந்திருக்கலாம்.) அதில் ஒரு வீட்டு ஹாலில் கண்ணாடித் தொட்டிக்குள் கடல் இருந்தது. பவளப்பாறைக் கல், ஆடும் கடல் சாமந்தி, அதற்குள் ஒளிந்து விளையாடும் ஆரஞ்சு நிறக் கோமாளி மீன்கள். அன்றைக்குப் பிடித்தது எனக்குச் சனி. எங்கள் ஊரில் நிமிர்ந்தால் மலைதான் தெரியும். கடலைப் பார்க்க பஸ்ஸில் அரை நாள் போக வேண்டும். அதெல்லாம் என் மண்டையில் ஏறவில்லை.

தொட்டி செய்வது சுலபம். நாலு கண்ணாடி, கொஞ்சம் சிலிக்கோன் பசை. கடல் தண்ணீரும் சிக்கலில்லை. எங்கள் மில் நூலைத் தூத்துக்குடி துறைமுகத்துக்கு ஏற்றிப் போகும் லாரி திரும்பும்போது காலியாகத்தான் வரும். டிரைவர் காதர் பாய் எனக்காகக் கேன் கேனாகக் கடலை மொண்டு வந்து தருவார். மீனும் கல்லும் அவர் தயவில்தான் வந்தன. தலைவலி கொடுத்தது அந்தப் பத்திரிகையில் படம் போட்டிருந்த ஒரு கருவி. நான் அதை நுரைப்பெட்டி என்பேன். வீட்டில் அதற்கு வேறு பெயர்கள் இருந்தன, அதை எழுத முடியாது.

விஷயம் இதுதான். மீன் போடும் கழிவு கடல் தண்ணீரில் கரைந்து நிற்கும். உயரமான ஒரு பெட்டிக்குள் அந்தத் தண்ணீரை விட்டு, அடியிலிருந்து பொடிப்பொடியாகக் காற்றுக் குமிழி விட்டால், அழுக்கெல்லாம் குமிழியில் ஒட்டிக்கொண்டு நுரையாக மேலே வந்து ஒரு கிண்ணத்தில் விழும். கடையில் வாங்க அந்தக் காலத்தில் அப்படி ஒரு பொருள் எங்கள் பக்கம் கிடையாது. அக்ரிலிக் தகட்டில் நாமே செய்துகொள்ள வேண்டும்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் கடைகளுக்குப் பிளாஸ்டிக் எழுத்து வெட்டிப் பெயர்ப் பலகை செய்பவர் ஒருவர் இருந்தார். அவரிடம் வெட்டி மிஞ்சிய அக்ரிலிக் துண்டுகளை வாங்கினேன். ஒட்டுவது எப்படி என்று கேட்டேன்.

"பசையெல்லாம் வேண்டாம் தம்பி. ரெண்டு தகட்டையும் இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு, சிரிஞ்சுல குளோரோபார்ம் எடுத்து ஓரத்துல விடுங்க. உருகி ஒட்டிக்கிடும். ஆனா ஒரு நாள் பூரா அசைக்கப்பிடாது."

குளோரோபார்ம் கேட்டு மெடிக்கல் கடைக்குப் போனால், கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "யாரைக் கடத்தப் போறிய?" என்றார். கடைசியில் அந்தப் பலகைக்காரரே ஒரு பாட்டில் கொடுத்தார். முதல் பெட்டியை ஜன்னலைச் சாத்திக்கொண்டு ஒட்டினேன். கோமதி பட்டப்பகலில் வந்து பார்த்தபோது பெட்டி நின்றுகொண்டிருந்தது, நான் படுத்துக்கொண்டிருந்தேன். முகத்தில் தண்ணீர் தெளித்து எழுப்பியவள், "கடத்த ஆள் கெடைக்கலன்னு நீங்களே மயங்கிட்டியளாக்கும்" என்றாள்.

அந்தப் பெட்டி ஒழுகியது. இரண்டாவது கோணலாக நின்றது. மூன்றாவதில் என் கட்டைவிரல் ரேகை நிரந்தரமாகப் பதிந்தது. பொடிக் குமிழி வர ஏதோ ஒரு சீமை மரத்துண்டு வேண்டும் என்று பத்திரிகை சொன்னது. நான் முருங்கைக் கட்டையில் துளை போட்டுக் காற்றை விட்டேன். அது வேலை செய்தது என்பதுதான் என் வாழ்க்கையில் எனக்கு மிச்சமிருக்கும் ஒரே பெருமை. ஏழாவது பெட்டி ஒழுகாமல் நின்றது. ஆனால் அதை ஒரு நாள் முழுக்க அசைக்காமல் வைக்கும் பொறுமை எனக்கு இல்லை. நாலு மணி நேரம் வைத்தேன். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். என்னை யாரும் மறக்க விட்டதில்லை.

இந்த இடத்தில் என் மச்சான் குருசாமி வர வேண்டும். கோமதிக்கு ஒரே அண்ணன். ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா போடுகிறவர். எங்கள் கல்யாணப் பந்தியில் அவர் கைப்படக் கிண்டிய பால்கோவாவைத்தான் முதலில் வைத்தார்கள். என் பெரியப்பா ஒரு வாய் போட்டுக்கொண்டு, "என்ன, அடிப்பிடிச்ச வாடை அடிக்கு?" என்று சத்தமாகக் கேட்டுவிட்டார். பந்தியே நிமிர்ந்து பார்த்தது. குருசாமி மணப்பெண்ணாக உட்கார்ந்திருந்த தங்கச்சியிடம் திரும்பி, "நீ சொல்லுட்டி. அடிப்பிடிச்சிருக்கா?" என்றார். கோமதிக்குப் பொய் சொல்ல வராது. தின்று பார்த்துவிட்டு, "லேசா" என்றாள்.

அந்த ஒரு சொல்லோடு அண்ணன் தங்கச்சி பேச்சு நின்றது. இரண்டு வருஷம். தேரோட்டத்துக்குப் பிறந்த ஊருக்குப் போவாள். அம்மாவோடு பேசுவாள். அண்ணன் வந்தால் எழுந்து அடுப்படிக்குள் போய்விடுவாள். பஸ்ஸில் திரும்பி வரும்போது ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுவாள்.

குருசாமி தனியாகப் புதுக் கடை திறக்கிறார் என்று அழைப்பு வந்தபோது நான் ஒரு முடிவு எடுத்தேன். என் கடல் தொட்டியை அந்தக் கடைக்கே கொடுத்துவிடுவது. ஊரே வாய் பிளந்து பார்க்கும், மச்சான் மனசு இளகும், தங்கச்சியோடு பேசுவார். அத்தையிடம், அதாவது என் மாமியாரிடம், போய்ச் சொன்னேன்.

"பால் பொழங்குற எடத்துல மீனா? கவிச்சி ஆகாது மாப்ள."

ஒரே நொடிதான். யோசிக்கவே இல்லை. "அத்தே, அது சாதாரணத் தண்ணி இல்ல. ராமேஸ்வரத்துத் தண்ணி. அக்னி தீர்த்தம்" என்றேன்.

அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டார். தொட்டிக்கு அனுமதி கிடைத்தது.

திறப்பு விழா காலையில் தொட்டி கடை முகப்பில் ஜொலித்தது. பக்கத்தில் என் நுரைப்பெட்டி சமத்தாகக் குமிழி விட்டது. அதற்குக் கீழே அகலமான தட்டுகளில் புதுக் கடையின் முதல் பால்கோவா. சொந்தக்காரர்கள் எல்லோரும் தொட்டியைத் தொட்டுக் கும்பிட்டார்கள். அதுவரைக்கும் சரி. அத்தை ஒரு கரண்டியை உள்ளே விட்டுத் தண்ணீரை மொண்டு, "தீர்த்தம், தீர்த்தம்" என்று ஆளுக்கு ஒரு சொட்டு கொடுக்க ஆரம்பித்தார். ஒரு மாமா இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிக் குடித்தார். மீன் குளிக்கும் தண்ணீர் என்று நான் எந்த வாயால் சொல்வேன்?

அடுத்து பால் காய்ச்சும் சடங்கு. புதுப் பானையில் பால் பொங்கி வழிய வேண்டும், அதுதானே நல்ல சகுனம்? ஆனால் அடுப்புக்கு முன் நின்றவர் குருசாமி. இருபது வருஷமாகப் பாலைப் பொங்கவிடாமல் கிண்டிக் கிண்டிப் பழகிய கை. பால் தளதளவென்று எழும்பி வரும் நேரத்தில் அந்தக் கை தானாகக் கரண்டியை எடுத்துச் சுழற்றிவிட்டது. பால் அடங்கிப் படுத்துவிட்டது.

"அடப் பாவி, பொங்கவிடாமக் கிண்டிட்டியேடா!" என்று அத்தை தலையில் கை வைத்தார். குலவை போட வாயைக் குவித்த பெண்கள் அப்படியே நின்றார்கள். மச்சான் முகம் செத்துப்போனது. அவர் பேச்சை மாற்ற என் பக்கம் வந்து, "இது என்னது மாப்ள?" என்று நுரைப்பெட்டியைக் காட்டினார். நான் விளக்கினேன். அழுக்கு நுரையாக மேலே வருவதைச் சொன்னதும் அவர் கண் பிரகாசமானது.

"அட, நம்ம பாகுல செய்யுறதுதான! சீனிப் பாகு கொதிக்கையில ஒரு கை பால் தெளிச்சா அழுக்கெல்லாம் நுரையா மேல வந்துரும். இதுக்கும் பால் ஊத்தணும் மாப்ள. அப்பத்தான் சீக்கிரம் வரும்."

"இல்ல மச்சான், இதுக்கு..." என்று ஆரம்பித்தேன்.

அவர் காதில் வாங்கவில்லை. திரும்பி, கூட்டத்தில் ஓரமாக நின்றவளைப் பார்த்துச் சொன்னார். "ஏட்டி கோமதி, அந்தப் பால் சொம்ப எடு."

இரண்டு வருஷத்தில் முதல் பேச்சு. கோமதி முகத்தைப் பார்க்க வேண்டுமே! ஓடிப் போய்ச் சொம்பை எடுத்து, ரெண்டு கையாலும் அண்ணனிடம் நீட்டினாள். கண் கலங்கியிருந்தது. நான் என்ன செய்ய? கடல் தண்ணீரில் பால் விழுந்தால் என்ன ஆகும் என்று அந்தக் கடையில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். வாயைத் திறந்தேன். மூடினேன். மச்சான் தெளிக்கவில்லை. முழுச் சொம்பையும் கவிழ்த்தார்.

முதலில் பெட்டி வெளுத்தது. பிறகு நுரை சீறிக்கொண்டு எழும்பியது. கிண்ணம் நிறைந்தது, மூடியைத் தூக்கியது, வெள்ளை வெளேரென்று நாலு பக்கமும் வழிந்தது.

"பொங்கிருச்சு! பால் பொங்கிருச்சு!" என்று அத்தை கத்தினார். பெண்கள் இத்தனை நேரம் அடக்கி வைத்திருந்த குலவையை மொத்தமாகப் போட்டார்கள். மச்சான் என் தோளைத் தட்டினார். மீன் கழிவு பொங்கி வழிவதற்குக் குலவை வாங்கிய மனுஷன் இந்த ஜில்லாவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

நுரை பால்கோவாத் தட்டை நோக்கி இறங்கியது. நான் பாய்ந்து போய் மூடியை அமுக்கிப் பிடித்தேன். நாலு மணி நேரம் மட்டுமே காய்ந்த அந்த ஓரம் 'டப்' என்று வாயைப் பிளந்தது. மோட்டார் தொட்டித் தண்ணீரைப் பெட்டிக்குள் ஏற்றிக்கொண்டே இருந்தது. அத்தனையும் பிளவு வழியாகத் தட்டுகளில் கொட்டியது. சுவிட்ச் சாமி படத்து மாலைக்குப் பின்னால் இருந்தது. அதைத் தேடிப் பிடித்து அணைப்பதற்குள் அரைத் தொட்டி காலி.

அந்த நேரம் பார்த்து, தொட்டியை லாரியில் கொண்டுவந்து இறக்கிய காதர் பாய் வாசலில் ரெண்டு கையிலும் கேனோடு வந்து நின்றார். நல்ல மனுஷன். உதவி செய்யத்தான் வந்தார்.

"தண்ணி கொறஞ்சிருச்சா தம்பி? கவலப்படாதிய. தூத்துக்குடி ஹார்பர் தண்ணி இன்னும் ரெண்டு கேன் இருக்கு. ஊத்தவா?"

"ஹார்பர் தண்ணியா?" என்றார் அத்தை.

"ஆமாம்மா. கப்பல் நிக்கிற எடத்துக்குச் கொஞ்சம் தள்ளித்தான் மொண்டேன்."

இரண்டு தடவை குடித்த மாமா கொல்லைப்பக்கம் ஓடினார். நான் மீன்கள் இரண்டையும் பிடித்துக் காதர் பாயின் கேனுக்குள் விட்டேன். என்னையும் அதற்குள் விட்டால் தேவலை என்று இருந்தது.

குருசாமி தட்டின் ஓரத்தில் ஒரு விரல் பால்கோவாவை வழித்தார். தின்னவில்லை. கோமதியிடம் நீட்டினார்.

"நீ சொல்லுட்டி. எப்படி இருக்கு?"

'ஆயுசில் ஒரே ஒரு பொய் சொல்லு தாயே' என்று மனசுக்குள் கும்பிட்டேன். அவள் வாங்கி வாயில் போட்டாள். நிதானமாக மென்றாள்.

"லேசா..." என்றாள். "லேசா உப்பு கரிக்குண்ணே."

அண்ணன் அவளையே பார்த்தார். உதடு துடித்தது. அழப் போகிறார் என்று நினைத்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து சிரித்தார். அவளும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். சிரித்து முடித்ததும் இரண்டு பேரும் சேர்ந்து என்னைத் திட்ட ஆரம்பித்தார்கள். அவர் நிறுத்தின இடத்தில் அவள் எடுத்தாள், அவள் மூச்சு வாங்கும்போது அவர் தொடர்ந்தார். எம்புட்டு திட்டு! மத்தியானச் சாப்பாடு வரை ஓடியது. அவர்கள் அப்படி ஒற்றுமையாக இருந்து நான் பார்த்ததே இல்லை.

அன்றிலிருந்து அண்ணன் தங்கச்சி ஒரு நாளும் பேச்சை விட்டதில்லை. பேச வேறு விஷயம் கிடைக்காதபோது என்னைப் பற்றிப் பேசுகிறார்கள். மீன்கள் காதர் பாய் கையாலேயே தூத்துக்குடிக்குத் திரும்பின. உடைந்த நுரைப்பெட்டியில் மச்சான் கடையில் கரண்டிகள் சொருகி வைத்திருக்கிறார்கள்.

போன ஆடி அமாவாசைக்கு, பாவத்தைத் தீர்த்துவிடுவோம் என்று, அத்தையை நானே நெசமான ராமேஸ்வரத்துக்குக் கூட்டிப் போனேன். எண்பது தாண்டிவிட்டது அவருக்கு. கையைப் பிடித்து அக்னி தீர்த்தத்தில் இறக்கினேன். முழங்கால் தண்ணீரில் நின்று கோபுரத்தைக் கும்பிட்டார். ஒரு கை தண்ணீர் அள்ளினார். வாய்வரை கொண்டுபோனவர் நிறுத்திவிட்டு, சுற்றும் முற்றும் பார்த்து யாரையோ தேடினார்.

"என்ன வேணும் அத்தே?"

"ஒண்ணுமில்ல மாப்ள. அந்த லாரி டிரைவரு இருந்தா ஒரு வார்த்த கேட்டுக்கிட்டுக் குடிப்பேன்."